சாப்பிடாத மிஸ்ஸி

உங்களில் ஒருத்தி போன மாதம் என் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டாள். பெயரைச் சொன்னால் வெட்கப்படுவாள், விட்டுவிடுகிறேன். அவளுடைய நிலையத்தில் ஒரு பிள்ளை எதைக் கொடுத்தாலும் வாயைத் திறப்பதில்லையாம். தாய் வந்து சண்டை போடுகிறாளாம். என்ன செய்வது ஆயாம்மா என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு முழங்கால் வலி உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லி, ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு மனசு கேட்கவில்லை. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஆனால் நான் சொல்லப்போகும் பிள்ளைக்கு வயது இருபத்தாறு. எங்கள் வாசல்நிலையில் தலை இடிக்காமல் அவளால் உள்ளே வர முடியாது.

இப்போது உங்களுக்குச் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பெயர். கழுத்தில் அடையாள அட்டை, சுவரில் யானைப் படம், எல்லாம் நல்லதுதான். எங்கள் காலத்தில் அந்த இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர், எனக்கு ஆயா என்று பெயர். கொழுந்து பறிக்கும் தாய்மார் விடிந்ததும் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்க ஓடும் வழியில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மாலையில் கொழுந்தை எடை நிறுத்துவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நடுவில் பால் காய்ச்சுவது, தொட்டில் கட்டுவது, துணி அலசுவது என்று கிடந்த வேலைகளை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லித்தராத ஒன்றைத்தான் நான் சொல்ல வந்தேன்.

எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். எண்பதுகள் தொடங்கிய நேரம். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்புதான் தோட்டங்களில் அந்தப் பஞ்சம் வந்து போயிருந்தது. அரிசி இல்லை, மா இல்லை, கூப்பனுக்கு வந்தது யானைப் பசிக்குச் சோளப்பொரி. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் பிள்ளைகளைப் புதைத்தோம். என் தொட்டிலில் தூங்கிய பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அதைப் பற்றி இன்றைக்கும் என்னால் நிறையப் பேச முடியாது. ஆனால் நீங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சத்தைக் கடந்து வந்த தாய்மாரால், தட்டில் போட்ட சோற்றை ஒருவர் வேண்டாம் என்று தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மிஸ்ஸி வந்து சேர்ந்தாள். நோர்வே நாட்டு நர்ஸ், பெயர் இங்கிரிட். எங்கள் ஆட்களுக்கு நர்ஸ் என்றால் மிஸ்ஸி, அதனால் வந்த அன்றே மிஸ்ஸி ஆகிவிட்டாள். பிள்ளைகளை எடை நிறுத்துப் பார்ப்பதும், மெலிந்துபோன பிள்ளைகளைத் தேற்றுவதும் அவள் வேலை. புத்தகம் பார்த்துத் தமிழ் படித்திருந்தாள். “குழந்தை உணவு உண்டதா?” என்று கேட்பாள். தாய்மார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பினாலேயே எங்கள் பெண்களுக்கு அவளைப் பிடித்துப்போனது.

எனக்குப் பிடிக்கச் சில நாள் ஆனது. வந்த முதல் வாரமே அவள் என்னோடு மோதினாள். சாப்பிடாத பிள்ளையை மடியில் மல்லாத்திப் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு கஞ்சி ஊற்றுவது எங்கள் வழக்கம். நானும் அப்படி ஊற்றப்பட்டு வளர்ந்தவள்தான். மிஸ்ஸி என் கையைப் பிடித்துத் தடுத்தாள். அந்தப் பிள்ளையை வாசலோரமாக, வெளிப்பக்கம் பார்த்து உட்காரவைக்கச் சொன்னாள். சின்னத் தட்டில் ஒன்றோடொன்று படாமல் இரண்டே சாமான். பக்கத்தில் நன்றாகச் சாப்பிடும் பிள்ளை ஒன்று. அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் வேறு வேலை பார்க்க வேண்டும், பிள்ளை சாப்பிடுகிறதா என்று எட்டிப் பார்க்கவே கூடாது. பிள்ளை வளர்ப்பதை நேற்று வந்தவள் எனக்குச் சொல்லித்தருகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நாலைந்து நாளில் அந்த வாசலோரத் தட்டுகள் காலியாகத் தொடங்கின. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்படி வாசலோரம் உட்கார்ந்த பிள்ளைகளில் ஒன்று ஜெயந்தி, லெட்சுமியின் மகள். மூன்று வயது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் தனியாக முன்னால் நிற்கும். லெட்சுமி தன் தலைச்சன் பிள்ளையைப் பஞ்சத்தில் பறிகொடுத்தவள். இதுவும் தங்காது என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள் என்றே நினைக்கிறேன். தீபாவளிக்குக்கூட அந்தப் பிள்ளைக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கவில்லை. மிஸ்ஸி வந்து நாலு மாதத்தில் ஜெயந்தி சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். பிறகு ஓடினாள். ஒருநாள் என் வெற்றிலைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, திட்டுவதற்குப் பதிலாக நான் அழுதுவிட்டேன்.

லெட்சுமி வீட்டில் ஒரே ஒரு கோழி இருந்தது, முட்டையிடுகிற கோழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அறுத்துவிட்டு, மிஸ்ஸியைச் சாப்பிட வரச் சொன்னாள்.

எங்கள் ஆட்கள் விருந்து வைப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வந்தவர் முன்னால் நிற்போம், வாயைப் பார்ப்போம், தட்டு காலியாக விடமாட்டோம். லெட்சுமி பக்கத்து வீட்டிலிருந்து பீங்கான் தட்டு ஒன்று வாங்கி வந்து, சோற்றைக் குவித்து, அதன் மேலேயே சிவக்கச் சிவக்கக் கோழிக்கறியை ஊற்றினாள். அதற்கு மேலே பருப்பு, அதற்கு மேலே மாசிக் கருவாட்டுச் சம்பல். தனித்தனியாகத் தள்ளி வைத்தால் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடுவார்களே. வாசலில் அந்த லயமே நின்றது. எல்லோர் கண்ணும் மிஸ்ஸியின் வாயில். அவள் ஒரு வாய் வைத்தாள். முகம் வெளுத்தது. சிரிக்கப் பார்த்தாள். இரண்டாவது வாய் வைத்தவள், வாயைப் பொத்திக்கொண்டு கூட்டத்தை விலக்கி வெளியே ஓடினாள். லயத்துக்குப் பின்னால் சாக்கடைக் கானோரம் குனிந்து வாந்தி எடுத்த சத்தம் உள்ளே எல்லோருக்கும் கேட்டது. லெட்சுமி அகப்பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

பொழுது சாய்வதற்குள் மூன்று டிவிஷனுக்கும் செய்தி போய்விட்டது. மிஸ்ஸிக்கு லயத்துச் சோறு குமட்டுகிறதாம்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். எங்களுக்கு அப்படி இல்லை. துரைமார் எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. டவுன் முதலாளிமார் நனைத்ததில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வந்த வாத்தியார்மார் சிலர்கூட, தாகம் இல்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போய் அடுத்த ஊரில் தண்ணீர் குடிப்பார்கள். அந்தப் பொய் எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். மிஸ்ஸி அப்படிப்பட்டவள் இல்லை என்று நம்பியிருந்தோம். நானும் நம்பியிருந்தேன், அதனால் எனக்கும் ஆத்திரம்தான். கொஞ்ச நாள் அவளோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

மறுநாளே ஜெயந்தி வரவில்லை. காய்ச்சலில் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் பிள்ளையை விட்டுவிட்டு லெட்சுமி மலைக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள், கொண்டுவராமல் எப்படி வேலைக்குப் போவது? ஆனால் மிஸ்ஸி தொடக் கூடாது, நிறுக்கக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். நிறுவைநாளில் தராசு ஆடாமல் தொங்கியது. மிஸ்ஸி அதன் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நிறுவைநாள் இப்படிப் போனதும், தோட்டத்து டாக்டரய்யா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். தாய்மார் பிள்ளைகளைக் காட்டாத இடத்தில் மிஸ்ஸியை வைத்திருக்க மாட்டார்களாம். கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றப்போகிறார்களாம், அடுத்த வாரம் வேன் வருமாம். அன்று மாலை நான் லயத்துப் பக்கம் போனேன். ஜெயந்தி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டு எழுந்து ஓடி வரவில்லை. கன்னம் மறுபடியும் ஒட்டியிருந்தது. அந்தப் பிள்ளை அப்படி உட்காரும் விதம் எனக்குப் பழக்கமான விதம். பஞ்ச காலத்தில் அப்படி உட்கார்ந்த பிள்ளைகள் பிறகு எழுந்ததில்லை. 

அடுத்த நாள் சேவியர் அப்பு என்னைப் பாதையில் மறித்தார். காலியாகக் கிடந்த சின்னத்துரை பங்களாவில்தான் மிஸ்ஸி தங்கியிருந்தாள், அங்கே சமையல்காரர் இவர். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து குசினியில் நின்றவர். வெள்ளைக் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, அரைத் துரையாக நடப்பார். அந்த மனிதர் அன்றைக்குச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, மிஸ்ஸிக்கு உடம்புக்கு ஏதும் வருத்தமா என்று கேட்டார். கேட்கக் கேட்க விஷயம் வந்தது. அவர் அனுப்புகிற சூப் திரும்பி வருகிறதாம், கட்லட் திரும்பி வருகிறதாம், ரோஸ்ட் திரும்பி வருகிறதாம். பாண் ரொட்டியில் நடு வெள்ளையை மட்டும் பிய்த்துத் தின்கிறாளாம். பங்களா நாய் கொழுத்துப்போய் நடக்க முடியாமல் நடக்கிறதாம். வந்த நாளிலிருந்து இதே கதை, ஆனால் அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வெள்ளைக்காரம்மா தன் சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள் என்று வெளியே தெரிந்தால் தன் பேர் என்னாவது என்ற பயம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் எங்கள் சோற்றை மட்டும் தள்ளவில்லை. யார் சோற்றையும் தின்ன முடியாதவள்.

அன்றைக்கு மத்தியானம் பிள்ளைகள் தூங்கிய பிறகு மிஸ்ஸியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் வாய் திறக்கும் முன்பே அவள் சொன்னாள், இன்று மாலை லெட்சுமி வீட்டுக்குப் போகப்போகிறேன், எது கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு உண்ணப்போகிறேன் என்று. கை நடுங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகக் கேட்டேன், சொன்னாள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தானாம். குழம்பு, கலவை, வாசனை எதுவும் ஆகாது. தொண்டை அடைத்துக்கொள்ளும். அவளுடைய அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அழுவாளாம். எந்த நாட்டுக்குப் போனாலும், உப்புப் போட்டு அவித்த வெறும் உருளைக்கிழங்கு எங்கே கிடைக்கும் என்றுதான் முதலில் தேடுவாளாம். இந்த நாட்டில் வெறுமனே எதையும் யாரும் தரமாட்டேன் என்கிறார்களாம். அன்பு கூடக் கூட மிளகாயும் கூடுகிறதாம். எல்லோரையும் சாப்பிடு சாப்பிடு என்று சொல்லித்திரிகிற நர்ஸ் இதை எப்படி வெளியே சொல்வது என்று வெட்கம். அவள் சொன்னதில் ஒன்று அப்படியே நினைவில் நிற்கிறது.

“லெட்சுமி அக்காவின் கோழி நல்ல கோழி. என் தொண்டைதான் கெட்ட தொண்டை.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவளை அன்று மாலை போகவிட்டிருந்தால் எனக்கு வேலை சுலபம். அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருப்பாள், ஒருவேளை உள்ளே தங்கியிருக்கும், எல்லோரும் சமாதானமாகியிருப்பார்கள். வேன் வருவதற்கு இருந்ததும் கொஞ்ச நாள்தான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நடுங்குகிற கையைப் பார்த்தேன். மூக்கைப் பிடித்து ஊற்றும்போது பிள்ளைகளின் கை அப்படித்தான் நடுங்கும்.

“வேணாம் மிஸ்ஸி” என்றேன். “கண்ண மூடிக்கிட்டு முழுங்குனா நிக்காது. மறுபடியும் வெளிய வந்துருச்சின்னா, அந்தப் புள்ளைய லெட்சுமி ஒங்க கண்ணுலயே காட்ட மாட்டா. நீங்கதானே எனக்குச் சொன்னீங்க, யாருக்கும் திணிக்கக் கூடாதுன்னு. அது ஒங்களுக்கும் சேத்துத்தாங்க.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெரிய மூச்சாக விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டாள்.

லெட்சுமியிடம் நான் போய்ச் சொல்லலாம். சொல்லியும் பார்த்தேன். மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். பங்களாவில் சூப்பும் ரோஸ்ட்டும் தின்கிறவளுக்கு என் வீட்டுச் சோறு எப்படி இறங்கும் என்றாள். பங்களாச் சாப்பாட்டையும் அவள் தொடுவதில்லை என்று சொன்னேன். நான் மிஸ்ஸிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்தாள். அவள் நம்ப வேண்டுமானால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர்தான்.

சேவியர் அப்புவிடம் போய்க் கேட்டேன். மனிதர் குதித்தார். தன் கைச் சாப்பாட்டை நாய் தின்கிறது என்று லயத்துக்கு வந்து தானே பறையடிக்க வேண்டுமா என்றார். நான் கெஞ்சவில்லை. ஜெயந்தி வாசற்படியில் உட்கார்ந்திருந்த விதத்தை மட்டும் சொன்னேன். அவர் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார். போகட்டும், நாளைக்கு வேறு வழி பார்ப்போம் என்று நானும் கீழே இறங்கிவிட்டேன்.

மறுநாள் மாலை கொழுந்து மடுவத்துக் கொட்டகையில் பெண்கள் கூடையை இறக்கி நிறுவைக்கு நின்ற நேரம், பங்களாப் பாதையில் வெள்ளைக் கோட்டு ஒன்று இறங்கி வந்தது. சேவியர் அப்பு மடுவத்துக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. கங்காணியே எழுந்து நின்றார். அப்பு ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை, தராசைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நாலு வெள்ளக்காரத் தொரமாருக்கு ஆக்கிப் போட்டவன் நான். எல்லாருக்கும் தெரியும். ஒங்க மிஸ்ஸி என் கேரமல் புடிங்கத் தொட்டுக்கூடப் பாக்கல. சூப்பு, கட்லட்டு எல்லாம் நாய்தான் திங்குது. லயத்துச் சோறு மட்டுமில்ல, பங்களாச் சோறும் அந்தப் புள்ளைக்கு எறங்கல. வந்த நாள்ல இருந்து பாணும் தண்ணியுந்தான்.”

சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே திரும்பி ஏறிப் போய்விட்டார். காது மடல் சிவந்திருந்ததை நான் கண்டேன். அந்த மனிதரை அதற்குப் பிறகு நான் அரைத் துரை என்று கிண்டல் செய்ததே இல்லை.

மடுவத்தில் பின்னாலிருந்து ஒருத்தி, புடிங்கையே தொடலையாம் என்று மெதுவாகச் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். லெட்சுமி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப அந்தப் புள்ள இத்தன மாசமா பட்டினியா கெடக்குதா?”

பட்டினி என்ற வார்த்தை வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. இல்லை, கோபம் இருந்தது, ஆனால் இப்போது என்மேல். தினம் கூடவே இருக்கிறவள் உனக்குத் தெரியாதா, மூஞ்சியைப் பார்த்தால் தெரியாதா என்று நிறுவைக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பிடி பிடியென்று பிடித்தாள். நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு அந்தத் திட்டு தேனாக இருந்தது.

அந்தப் பிள்ளை என்னதான் தின்னும் என்று கேட்டாள். உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, வேறொன்றும் கூடாது என்றேன். நம்பவே இல்லை. விருந்தாளிக்கு வெறுங்கிழங்கை எப்படி வைப்பது, நாலு பேர் என்ன சொல்வார்கள், கொஞ்சம் மஞ்சளாவது போடலாமா, ஒரு சின்ன வெங்காயம்? கூடாது என்றேன். அரைப் பல் உள்ளிப்பூண்டு? கூடாது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றுமே போடாமல் சமைப்பது என்பது எங்கள் பெண்களுக்கு அவ்வளவு கஷ்டம். பிறகு அவளுக்கே ஒரு யோசனை வந்தது. வீட்டில் இருக்கிற சட்டி எல்லாவற்றிலும் மிளகாய் வாடையும் மாசி வாடையும் ஊறிக் கிடக்கிறதே, அதில் அவித்தால் அந்தப் பிள்ளைக்கு வாடை தெரியாதா என்றாள். தைப்பொங்கலுக்கு என்று டவுனில் வாங்கி, துணி சுற்றி மேலே வைத்திருந்த புதுப் பானையை எடுக்கப்போவதாகச் சொன்னாள். பக்கத்தில் நின்றவள் பதறிப்போனாள், சாமிக்கு வைத்த பானையில் கிழங்கா என்று.

“சாமி பட்டினி கெடக்கல” என்றாள் லெட்சுமி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு போனேன். செவ்வாய்க்கிழமை வேன் வருவதாக இருந்தது. பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள். மறுபடியும் எல்லோரும் பார்ப்பார்களே என்றாள். அதை என்னிடம் விட்டுவிடுங்கள் என்றேன், மனசுக்குள் எனக்கும் பயம்தான்.

லயமே வாசலில் கூடியிருந்தது. லெட்சுமி பின்பக்கத் தோட்டத்தில் காலையில்தான் கிழங்கு தோண்டியிருந்தாள். மண் போகத் தேய்த்துக் கழுவி, புதுப் பானையில் அவித்து, தட்டில் இரண்டு கிழங்கும், தள்ளி ஒரு ஓரத்தில் கொஞ்சம் உப்பும் வைத்திருந்தாள். அவள் வீட்டுக் காம்பராவுக்குள் பாய் விரித்திருந்தது. நான் மிஸ்ஸியைப் பின்சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். ஜெயந்தியைத் தூக்கி வந்து அவள் பக்கத்தில் உட்காரவைத்து, அதன் முன்னாலும் ஒரு தட்டு வைத்தேன். பிறகு வெளியே வந்து, அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“எல்லாரும் திரும்புங்க. மலையப் பாருங்க. ஒருத்தரும் உள்ள எட்டிப் பாக்கக் கூடாது. சாப்புடுங்கன்னு யாரும் வாயத் தெறக்கக் கூடாது.”

விருந்தாளிக்கு முதுகு காட்டுவதா? எங்கள் ஆட்கள் பிறந்ததிலிருந்து அப்படிச் செய்ததில்லை. கிழவர்கள் முணுமுணுத்தார்கள். லெட்சுமிதான் முதலில் திரும்பினாள். அவளைப் பார்த்து ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அத்தனை பேரும் வாசலுக்கு முதுகைக் காட்டி, எதிரே இருந்த தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன பேசுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யாரோ மழை வரும் போலிருக்கிறது என்றார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆமாம் ஆமாம், வரும் என்று மற்றவர்களும் சொன்னார்கள். நான் மட்டும் கதவோரம் நின்று, ஒரு கண்ணை உள்ளே வைத்திருந்தேன். ஆயாவுக்கு அந்த ஒரு கண் வேண்டும்.

மிஸ்ஸி கிழங்கை எடுத்து முகர்ந்து பார்த்தாள். தோலை உரித்தாள். ஒரு கறுப்புப் புள்ளியை நகத்தால் கிள்ளி எறிந்தாள். பக்கத்தில் ஜெயந்தியும் தன் கிழங்கை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, புள்ளி ஏதும் இருக்கிறதா என்று தேடினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மிஸ்ஸி ஒரு துண்டு வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். அடுத்த துண்டை எடுத்தாள்.

வெளியே லெட்சுமி திரும்பாமலே, சாப்பிடுகிறாளா என்று என்னிடம் கேட்டாள். மழையைப் பாரு என்று அதட்டினேன். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

அப்போது உள்ளேயிருந்து அந்தப் புத்தகத் தமிழ் கேட்டது.

“லெட்சுமி அக்கா, இன்னும் ஒரு கிழங்கு கிடைக்குமா?”

வாசலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆனால் ஒருவரும் திரும்பவில்லை, அந்த நல்ல ஜனங்கள். லெட்சுமி புதுப் பானையைத் தூக்கினாள். பார்க்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா, அதனால் பின்னோக்கியே நடந்து காம்பராவுக்குள் போனாள். படி தடுக்கியது, சமாளித்துக்கொண்டாள். முகத்தை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு, பானையை முதுகுக்குப் பின்னால் நீட்டிப் பிடித்தாள். பானைக்குள் முதலில் பெரிய கை ஒன்று போனது. அது வெளியே வந்த பிறகு, சின்னக் கை ஒன்று எட்டி உள்ளே போய்த் துழாவியது.

“லெட்சுமி, ரெண்டாவது கை மிஸ்ஸியோடது இல்ல” என்றேன்.

அவள் அப்போதும் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. வாசலைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னாள்.

“நாளைக்குப் பெரட்டுக்கு முன்னாடி இவளக் கொண்டாந்து விட்டுர்றேன் ஆயாம்மா. மிஸ்ஸிய நிறுத்துப் பாக்கச் சொல்லுங்க.”